உவர்நீர் மீனும் வளர்ப்போர் கடமையும்

நெய்தல் நிலத்தைப் பாடிய சங்கச் சான்றோர் கடலையும் கழியையும் வேறு பிரித்தறிந்து பாடினர். ஆற்றின் நன்னீரும் கடலின் உப்புநீரும் கலந்து ஏறி இறங்கும் இடமே கழி. திருக்குர்ஆனின் அல்ஃபுர்கான் அத்தியாயமும் இனிய நீரையும் உவர்நீரையும் இறைவனின் ஆற்றலுக்குச் சான்றாகக் காட்டுகிறது. நம் திருச்சுழி வழியே செல்லும் குண்டாறும் மூக்கையூர்ப் பக்கம் மன்னார் வளைகுடாவைச் சேருமிடத்தில் இவ்வாறே கலக்கிறது.

இத்தகைய கழிகளில் வாழும் மீன்கள் இன்று கடலுக்கு வெகுதொலைவிலுள்ள இல்லங்களின் கண்ணாடித் தொட்டிகளையும் அடைந்துவிட்டன. வெள்ளித்தகடு போன்ற சில்வர் மூனி, உடலெங்கும் புள்ளி கொண்ட ஸ்கேட், வாயினின்று நீரை அம்பென எய்து பூச்சியை வீழ்த்தும் வில்லாளி மீன், 2010இல் கேரளம் தன் மாநில மீனாக அறிவித்த கரிமீன் ஆகியன அவற்றுட் சில. அழகை நாடி இவற்றை வாங்குவோருள் பலர், இவை வாழும் நீர் எத்தகையது என வினவுவதில்லை. நன்னீரிலேயே வைத்து விற்கப்படுவதால் நன்னீர் மீனென்றே கருதிவிடுகின்றனர்.

உவர்நீர் மீனை நன்னீரில் இட்டால் நீர் ஓயாது அதன் உடலுட் புகும். உடலின் உப்பு வெளியேறும். செவுளும் சிறுநீரகமும் இடையறாது உழைத்து இதனை ஈடுசெய்தல் வேண்டும். மூனி, ஸ்கேட் ஆகியவற்றின் குஞ்சுகள் இதனை ஓரளவு தாங்கும். வளர வளர அவற்றின் உப்புத்தேவை மிகும். அது கிட்டாதபோது மீன் மெல்ல நலிந்து மடிகிறது.

'எங்கள் கிணற்று நீரே உப்புத்தானே' எனப் பாலவனத்தம் போன்ற கரிசற்காட்டு ஊரார் கேட்கலாம். கிணற்று உவர்ப்பு வேறு, கடலுப்பு வேறு. மண்ணிலிருந்து கரைந்து வரும் உப்புகளின் விகிதம் கடல்நீரில் உள்ளதைப் போன்றதன்று. சமையலுப்பும் அதற்கு ஈடாகாது. கடல்மீன் தொட்டிக்கென விற்கப்படும் உப்புக் கலவையே ஏற்றது. கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்புண்டு. இம்மீன்களுக்குப் பொதுவாக 10 முதல் 15 கிராம் போதும். ஹைட்ரோமீட்டர் கொண்டு அளந்து, சில வாரங்களிற் சிறிது சிறிதாகவே கூட்டுதல் வேண்டும். நம் கோடையில் தொட்டிநீர் விரைந்து ஆவியாகும். ஆவியாவது நீர் மட்டுமே. உப்பு தொட்டியிலேயே தங்கும். ஆதலின் குறைந்த அளவை நன்னீரால் நிரப்புதலே முறை. உப்புநீரை ஊற்றினால் உவர்ப்பு நாளும் ஏறும். ஸ்கேட் ஏறத்தாழ ஓரடி வரை வளரக்கூடியது. சிறு தொட்டி அதற்குச் சிறைக்கூடமே.

இது பொழுதுபோக்குத்தானே என்று தள்ளிவிடுதல் முறையன்று. சிறுவர் அபூ உமைர் குருவி வளர்த்ததை நபிகள் நாயகம் (ஸல்) தடுக்கவில்லை. குருவியைப் பற்றி அன்புடன் வினவினார்கள். அதே நாயகம், ஒரு பூனையைக் கட்டிவைத்து உணவும் தராமல், தானே இரைதேடவும் விடாமல் சாகவிட்ட பெண் தண்டனைக்குள்ளானாள் என்றும் எச்சரித்தார்கள். வளர்க்க இசைவுண்டு, வாடவிட இசைவில்லை. அடைத்துவைக்கப்பட்ட மீனால் தன் நீரைத் தேடிச் செல்ல இயலாது. அந்நீரை அளிப்பது அடைத்தவர் கடனேயாகும்.

எனவே நாம் வலியுறுத்துவது இது: மீனை வாங்குமுன் நீரை ஆயத்தம் செய்க. கழியிற் பிடித்ததை விடுத்து, பொரிப்பகத்திற் பிறந்ததைத் தேடுக. 1987இல் சென்னையில் நிறுவப்பட்ட மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் மூனி, ஸ்கேட் முதலியவற்றைச் செயற்கைச் சூழலில் இனப்பெருக்கம் செய்து காட்டியுள்ளது. உப்பளந்து பேண இயலாதோர் நன்னீர் மீனோடு நிறைவு கொள்வதே நன்று.

1901இல் மதுரைத் தமிழ்ச் சங்கம் கண்ட பாண்டித்துரைத் தேவர் பாலவனத்தம் ஜமீன்தார். அம்மண்ணின் மாணவர்கள் இத்தகைய உயிரியல் அறிவை எளிய தமிழில் எழுதி இல்லந்தோறும் சேர்ப்பார்களாயின், அது தமிழுக்கும் தொண்டு. வாயற்ற உயிர்களுக்கும் தொண்டு. வல்ல இறைவன் அதற்குத் துணைநிற்பானாக!