ரிட்ரெஞ்ச்: அகழிக்கு வெளியே நிற்பவர்கள்

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் "வேலையை விட்டுத் தூக்கிட்டாங்க" என்ற பேச்சைக் கேட்காத தெரு இல்லை. அதற்குச் சட்ட ஆங்கிலத்தில் ஒரு வினைச்சொல் உண்டு: 'ரிட்ரெஞ்ச்'. தமிழில் ஆட்குறைப்பு செய்வது என்கிறோம்.

பிரெஞ்சிலிருந்து வந்த இந்தச் சொல்லுக்கு வெட்டி நீக்குவது என்று பொருள். பதுங்குகுழியைக் குறிக்கும் 'ட்ரெஞ்ச்' என்ற சொல்லுக்கும் அதே வேர்தான். வெளிமதில் விழுந்தாலும் தப்பிக்கக் கோட்டைக்குள்ளே அமைக்கும் இரண்டாவது அகழிக்கும் 'ரிட்ரெஞ்ச்மென்ட்' என்றே பெயர். ஊர் வேறு, சேரி வேறு என்று பார்த்து வளர்ந்த நமக்கு உடனே எழும் கேள்வி: அகழிக்கு வெளியே விடப்படுவது யார்?

1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டம் இந்த வினைக்கு ஒரு விலை வைத்தது. ஓராண்டு தொடர்ந்து வேலை செய்தவரை ஆட்குறைப்பு செய்தால் ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கான சம்பளம் தர வேண்டும். பணி முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரி ஊதியமும் தர வேண்டும். 100 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஆலை என்றால் அரசிடம் முன் அனுமதியும் பெற வேண்டியிருந்தது.

ஆனால், தானாக ஓய்வு பெற்றால் அது ஆட்குறைப்பு ஆகாது என்றும் அதே சட்டம் சொன்னது. ஒப்பந்தக் காலம் முடிந்து புதுப்பிக்காமல் விடுவதும் ஆட்குறைப்பு அல்ல என்று 1984 திருத்தம் சேர்த்தது.

இந்த விலக்கின் பொருள் நமக்கு நோக்கியாவில் தெரிந்தது. ஸ்ரீபெரும்புதூர் ஆலை 2014 நவம்பர் 1 அன்று உற்பத்தியை நிறுத்தியது. அதற்கு முன்பே, அதே ஆண்டில், 5,000க்கும் மேற்பட்டோர் விருப்ப ஓய்வுத் திட்டத்தில் வெளியேறியிருந்தார்கள். பெரும்பாலும் இளைஞர்கள்; அவர்களில் ஏராளமான பெண்கள். அந்த வயதில் ஓய்வு பெற யாருக்கு விருப்பம் வரும்?

நிலமில்லாத சேரிக்கு ஆலைச் சம்பளம் வெறும் பணம் அல்ல. நிலக்காரர் வாசலில் கைகட்டி நிற்காமல் வாழ ஒரு வழி. தனியார் ஆலையில் இடஒதுக்கீடு கிடையாது. கான்ட்ராக்ட், ட்ரெய்னி என்று உள்ளே போகிறவர்களுக்கு "நாளையிலிருந்து வர வேண்டாம்" என்ற ஒற்றை வரியே போதுமானதாகிவிடுகிறது.

2020இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொழில் உறவுத் தொகுப்பு, அனுமதிக்கான வரம்பை 100இலிருந்து 300 ஆக்கியது. அகழி இன்னும் உள்ளே நகர்ந்துவிட்டது.

தோழர்களே, கையெழுத்துக் கேட்டு ஒரு தாளை நீட்டினால் அதில் எந்தச் சொல் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். ராஜினாமாவா, விருப்ப ஓய்வா, ஆட்குறைப்பா? சங்கத்திடம் காட்டாமல் பேனாவைத் தொடாதீர்கள். நம்மை வெளியேற்றும் சொல்லை நம் கையாலேயே எழுதிக் கொடுக்க வேண்டாம்.