கைக்கு என்ன ரேட்டுங்க?

'நெருப்பெரிச்சல்' என்று அட்ரஸ் சொன்னால் வெளியூர்க்காரர்கள் என்னை ஒரு மாதிரி பார்ப்பார்கள். "நெருப்பு சரி ஸார், எரிச்சல் எதுக்கு?" என்று கேட்ட இன்ஷூரன்ஸ் ஏஜெண்ட் கூட உண்டு. ஊர் என்னவோ சாதுவான ஊர்தான். 2011-ல் திருப்பூர் மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டது. எரிச்சல் எல்லாம் எங்கள் வீட்டுக்குள் மட்டும்தான். அதுவும் நான் கத்தரிக்கோலும் கையுமாகக் கூடத்தில் உட்காரும் ஞாயிற்றுக்கிழமைகளில்!

எனக்கு ஒரு பனியன் கம்பெனியில் காஸ்ட்டிங் வேலை. வெளிநாட்டுக்காரன் டி-ஷர்ட் படம் ஒன்றை அனுப்புவான். துணி எத்தனை கிராம், சாயத்துக்கு என்ன, கட்டிங், ஓவர்லாக், பேட்லாக், கைமடி, செக்கிங், அயர்ன், பேக்கிங், கடைசியில் அந்தப் பாலிதீன் கவர் வரைக்கும் பைசா சுத்தமாகக் கணக்குப் போட்டு விலை சொல்ல வேண்டும். பத்துப் பைசாவை விட்டுவிட்டால் லட்சம் பீஸில் பத்தாயிரம் ரூபாய் அம்போ! முதலாளி ரூமுக்குள் கூப்பிட்டு, டீ கொடுக்காமலேயே பேசுவார்.

இப்பேர்ப்பட்ட மகா கணக்கன் சொந்த விஷயத்தில் எப்படிக் கோட்டை விட்டேன் என்பதுதான் இந்த வாரக் கதை.

2020 லாக்டவுன். கம்பெனி மூடிக் கிடந்தது. எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு ஒரு மூட்டை பனியன் வேஸ்ட் இருக்கும். தரை துடைக்க, வண்டி துடைக்க, அடுப்பு மேடை துடைக்க எல்லாவற்றுக்கும் அதுதான். ஒரு மத்தியானம் பொழுது போகாமல் அதில் ஒரு துண்டை எடுத்துக் குறுக்குவாட்டில் விரல் அகலத்துக்கு வெட்டி, இரண்டு முனையையும் பிடித்து இழுத்தேன். துணி தானாகவே சுருண்டு, உருண்டையான கயிறாகி விட்டது! சிங்கிள் ஜெர்சி துணியின் குணம் அது. வெட்டிய ஓரம் சுருளும். கட்டிங் மாஸ்டர்கள் அதைத் திட்டித் தீர்ப்பார்கள். (ரிப், இன்டர்லாக் துணியில் செய்து பார்க்காதீர்கள். அப்பளம் மாதிரி தட்டையாகவே கிடக்கும்.) கம்பெனியில் குற்றம் என்று எழுதுவது வீட்டில் நகையாகிவிட்டது.

மூன்று கயிறைப் பின்னி, நடுவில் மரமணி கோத்து, பின்னால் கொக்கி வைத்தேன். மகள் கழுத்தில் போட்டதும் கண்ணாடி முன்னாலிருந்து நகரவே மாட்டேன் என்றாள்.

"ஏனுங்க, ஆம்பளை செய்யற வேலையா இது?" என்றாள் என் சம்சாரம்.

"நகைக் கடை ஆசாரியெல்லாம் யாரும்மா?" என்று மடக்கினேன்.

"அவங்க தங்கத்துல செய்வாங்க. நீங்க தரை தொடைக்கற துணியில செய்யறீங்க!"

அத்தோடு அந்த விவாதம் முடிவடைந்தது.

யாரும் சொல்லித் தரவில்லை. பின்னிப் பிரித்து, பசையில் விரலை ஒட்டி, நானாகக் கற்றுக்கொண்டேன். இரண்டு வருஷத்தில் மாலை, வளையல், தோடு என்று கை நன்றாகத் தேறிவிட்டது. ஆபீஸ் நண்பனின் தங்கைக்கு வளைகாப்பு. வருகிற பெண்களுக்குக் கொடுக்க நாற்பது மாலை வேண்டும் என்றான். முதல் ஆர்டர்! துணி நாலு ரூபாய், மணியும் கொக்கியும் பதினாலு, பசை, நூல் நாலு, கவர் மூணு. ஆக இருபத்தைந்து. விலை அறுபது என்று சொன்னேன். பீஸுக்கு முப்பத்தைந்து லாபம். நாற்பதுக்கு ஆயிரத்து நானூறு! அன்று ராத்திரி எனக்கு ஷோரூம் திறப்பு விழா மாதிரி கனவெல்லாம் வந்தது.

வளைகாப்பு முடிந்த மறுநாள் போன். "டேய், எங்க பெரியம்மா கழுத்துல ரத்தமா, சாயமான்னு பார்த்துட்டு வாடா!"

சாயம்தான். நாற்பதில் எட்டு மாலை சிவப்பு. மண்டபத்தில் ஃபேன் இல்லை, வியர்வை, சாயம் இறங்கிவிட்டது. பெரியம்மாவின் வெந்தய நிறப் பட்டில் வேறு ஒரு கோடு. நான் ஆபீஸில் ஒவ்வொரு துணிக்கும் 'ரப்பிங் டெஸ்ட்' ரிப்போர்ட் இல்லாமல் கையெழுத்துப் போட மாட்டேன். வெள்ளைத் துணியை நனைத்து நாலு தேய் தேய்த்தால் தெரிந்துவிடும் சமாச்சாரம். வேஸ்ட் மூட்டைத் துணி எந்த லாட், எந்தச் சாயப் பட்டறை என்று யாருக்குத் தெரியும்? வீட்டில் அதைத் தேய்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவேயில்லை. எட்டுக்கும் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். நானூற்று எண்பது. புடவை விஷயம் அந்தப் பெரியம்மாவின் பெருந்தன்மையால் தப்பித்தது.

அடுத்த அடி பக்கத்து வீட்டு அக்காவிடமிருந்து வந்தது. அவர் செக்கிங் வேலைக்குப் போகிறவர். திண்ணையில் உட்கார்ந்து நான் பின்னுவதைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுக் கேட்டார்:

"ஏனுங் தம்பி, இது ஒண்ணு பின்ன எவ்ளோ நேரமாகுதுங்?"

"ஒண்ணேகால் மணி நேரம் ஆகுங்க அக்கா."

"உங்க கைக்கு என்ன ரேட்டுங்?"

வாயடைத்துப் போனேன். துணிக்கு ரேட் போட்டேன், கொக்கிக்கு ரேட் போட்டேன், கவருக்குக் கூட ரேட் போட்டேன். கைக்குப் போடவே இல்லை! நாற்பது மாலைக்கு ஐம்பது மணி நேரம். திருப்பிக் கொடுத்தது போகக் கையில் நின்றது தொள்ளாயிரத்து இருபது. மணிக்குப் பதினெட்டு ரூபாய் நாற்பது காசு. எட்டு மணி நேர ஷிப்ட்டுக்கு நூற்று நாற்பத்தேழு ரூபாய் இருபது காசு.

"அந்தக் கூலிக்குக் கம்பெனி கேட்டைத் தொறந்து வெச்சுக் கும்பிட்டுக் கூப்பிட்டாலும் ஒரு ஆள் உள்ள வராதுங் தம்பி" என்று சொல்லிவிட்டு அக்கா டம்ளரைக் கழுவி வைத்துப் போய்விட்டார்.

ஒரு வாரம் கத்தரிக்கோலைத் தொடவில்லை. அந்த ஞாயிறு ஒரு நண்பன் சென்னிமலை முருகனைப் பார்க்க பைக்கில் அழைத்துப் போனான். போகிற வழியில் வண்டியைத் திருப்பி, நொய்யல் கரையில் கொடுமணலைக் காட்டினான். வெறும் காடு, மேடு. ஆனால் இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தைய நகைப் பட்டறை ஸார் அது! பதிற்றுப்பத்தில் 'கொடுமணம்' என்று வருகிற ஊர். 1985-லிருந்து பல தடவை தோண்டியிருக்கிறார்கள். பளிங்கு, பச்சைநிறப் பெரில், சிவப்புச் சூதுபவளம், நீலக்கல் என்று மணிகள். முடிந்த மணி மட்டுமல்ல. பாதி தேய்த்தது, மெருகு ஏறாதது, துளை போடாதது, வெறும் கல் எல்லாம் சேர்ந்தே கிடைத்திருக்கின்றன. பெரில் கல் காங்கயம் பக்கத்துப் படியூரிலிருந்து போயிருக்கும் என்கிறார்கள். நூல் நூற்கிற தக்களி வட்டும் அங்கே கிடைத்திருக்கிறது. நூலும் நகையும் ஒரே ஊரில்!

எனக்கு அந்த முடியாத மணிகள்தான் மனசில் நின்றன. அந்த ஆசாரிக்கும் ரிஜெக்ஷன் இருந்திருக்கிறது. அவன் அதையும் சேர்த்துத்தானே ரோமாபுரி வியாபாரியிடம் விலை சொல்லியிருப்பான்!

வந்ததும் ஆபீஸ் ஷீட் மாதிரியே ஒன்று தயார் செய்தேன். ஒவ்வொரு மாலையாக முடிக்கிற பழக்கத்தை விட்டேன். ஒரு நாள் முழுக்க வெட்டு, ஒரு நாள் துவைத்துத் தேய்த்துச் சாய டெஸ்ட், ஒரு நாள் பின்னல், ஒரு நாள் கொக்கி. கம்பெனி லைன் மாதிரி. ஒண்ணேகால் மணி நேரம் நாற்பது நிமிஷமாயிற்று. மணிக்கு அறுபது ரூபாய் என்று கைக்கூலி நாற்பது, சாமான் இருபத்தைந்து, டேமேஜுக்கு அஞ்சு, பஸ், போன் செலவுக்குப் பத்து, லாபம் இருபது. விலை நூறு.

"போன தடவை அறுபதுதானே?" என்று கேட்ட பத்துப் பேரில் ஆறு பேர் போனவர்கள்தான். எனக்கு வயிற்றைக் கலக்கியது. மீதி நாலு பேர் வாங்கினார்கள். அதில் ஒருத்தி திரும்பி வந்து, "வியர்வையில சாயமே எறங்கலைங்க" என்று இன்னும் மூன்று வாங்கினாள். ஷோரூம் எல்லாம் இல்லை. மாசம் முப்பது, நாற்பது போகிறது.

'உத்யம்' பதிவு செய்துவிடலாம் என்று உட்கார்ந்தோம். ஆதாரும் பான் கார்டும் இருந்தால் போதும், ஆன்லைனில் காசே இல்லாமல் செய்யலாம். (ஐந்நூறு கேட்ட புரோக்கரிடம் டீ மட்டும் வாங்கிக் குடித்துவிட்டு வந்தேன்.) உரிமையாளர் பெயர் என்ற இடத்தில் என் பெயரை அடிக்கப் போனேன். சம்சாரம் கீ-போர்டை இழுத்துக்கொண்டாள்.

"நீங்க கம்பெனிக்குப் போற ஆளு. பகல்ல போன் எடுக்கறது, கொரியர் போடறது, சாயத் துணி தொவைக்கறது எல்லாம் நானு. எங்கைக்கு உங்க ஷீட்ல எங்கே ரேட்டு?"

தேடிப் பார்த்தேன். இல்லை.

இப்போது ஓனர் அவள்தான். ஷீட்டில் இரண்டு கைக்கும் ரேட் ஏறி, மாலை நூற்றிருபது ரூபாய். திருப்பூர் வழக்கப்படி சனிக்கிழமை சாயங்காலம் எனக்குக் கூலி. போன வாரம் பதினாறு பீஸுக்கு அறுநூற்று நாற்பது வர வேண்டும். கையில் அறுநூறுதான் வந்தது.

"நாப்பது ரூபா?" என்றேன்.

"ஒண்ணு டேமேஜுங்க" என்றாள் ஓனர்.