படத்தைக் குறைக்காதீர்கள், எங்கே நிற்கிறது என்று பாருங்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. சாப்பிட்டுவிட்டு நிதானமாகப் படியுங்கள்.

போன வாரம் நம் 1993 ஐந்தாம் வகுப்புக் குழுவில் ஒரு யோசனை ஓடியது. பள்ளி ஆண்டு விழா கேசட்டைக் கம்ப்யூட்டருக்கு மாற்றியாயிற்று. ஃபைல் 26 ஜிபி இருக்கிறது. அதை எம்பி4 ஆக என்கோட் செய்தால் பாதியில் பிழை வந்து நின்றுவிடுகிறது. ஆகவே தரத்தை நன்றாகக் குறைத்து, வாட்ஸ்அப்பில் போகிற அளவுக்குச் செய்துகொண்டு, பெரிய ஃபைலை அழித்துவிடலாம். இதுதான் யோசனை. அதற்குப் பதினேழு கட்டைவிரல்கள் வேறு!

நான் இதை எதிர்க்கிறேன். குழுவில் நாலு வரியில் எழுதினால் சண்டை மாதிரி தெரியும் என்பதால் இங்கே விளக்கமாக எழுதுகிறேன். உறவினர்களில் பலரும் கல்யாணக் கேசட்டுகளை வைத்துக்கொண்டு இதே பாடுபடுவதால் அவர்களுக்கும் சேர்த்துத்தான்.

முதலில் 26 ஜிபி என்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். நம் ஊர் பழைய டிவி முறையில் ஒரு படம் என்பது 720க்கு 576 புள்ளிகள். ஒரு புள்ளிக்கு இரண்டு பைட் என்று வைத்தால் ஒரு படத்துக்கு 8,29,440 பைட். நொடிக்கு 25 படம். பெருக்கிப் பாருங்கள், ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 75 ஜிபி வரும். கடைக்காரர் டிவி என்ற வகையில் பதிந்து கொடுத்திருப்பதால்தான் (இது பெட்டியைக் குறிக்கும் டிவி அல்ல, டிஜிட்டல் வீடியோவின் சுருக்கம்) மணிக்கு 13 ஜிபி அளவில் நிற்கிறது. அவர் நல்ல வேலைதான் செய்திருக்கிறார்.

என் தம்பியின் கல்யாணக் கேசட்டில் நடந்ததைச் சொல்கிறேன். 1996-ல் நடந்த கல்யாணம். மூன்று மணி நேரக் கேசட். மாற்றிய பிறகு 39 ஜிபி. தம்பி மகன் அதை எம்பி4 ஆக்கி நேராகப் பென் டிரைவிலேயே எழுத வைத்தான். டிவியில் போட்டு எல்லோரும் பார்க்கலாம் என்ற ஆசை. நொடிக்கு 8 மெகாபிட் வைத்தான். நின்றுவிட்டது. 4 மெகாபிட் வைத்தான். அதுவும் நின்றது. "அத்தை, குவாலிட்டியை இன்னும் குறைச்சா சரியாயிடும்" என்று 2 மெகாபிட் வைத்தான். முழுதும் ஓடி முடிந்தது. சிரித்துக்கொண்டே போட்டுக் காட்டினான். என் அம்மா ஆரத்தித் தட்டோடு வாசலுக்கு நடந்து வருகிற இடம் வந்தது. சேலை தெரிந்தது. முகம் கட்டம் கட்டமாகக் கரைந்து போயிருந்தது. அம்மா 2003-ல் போய்விட்டார். அவர் நடக்கிற படம் உலகத்தில் இந்த ஒன்றுதான்.

"முதல் இரண்டு தடவையும் எத்தனையாவது நிமிஷத்தில் நின்றது?" என்று கேட்டேன். நல்லவேளையாக அவன் கவனித்து வைத்திருந்தான். முதல் தடவை 1 மணி 11 நிமிஷம். இரண்டாவது தடவை 2 மணி 23 நிமிஷம். பேப்பர் எடுத்துப் போட்டுப் பார்த்தோம். எட்டு பிட் ஒரு பைட். ஆகவே 8 மெகாபிட் என்றால் நொடிக்கு ஒரு மெகாபைட். 71 நிமிஷத்துக்கு 4,260 மெகாபைட். அடுத்தது அதில் பாதி வேகம், 143 நிமிஷம். அதுவும் ஏறக்குறைய 4,290. இரண்டும் ஒரே இடத்தில்தான் முட்டி நிற்கின்றன!

அந்தச் சுவருக்குப் பெயர் உண்டு. பெரும்பாலான சிறிய பென் டிரைவ்கள் ஃபேட்32 என்ற முறையில் ஃபார்மேட் செய்யப்பட்டு வருகின்றன. அதில் ஒரு ஃபைலின் அளவைக் குறித்துக்கொள்ள 32 கட்டங்கள்தான் உண்டு, ஒவ்வொன்றிலும் பூஜ்யமோ ஒன்றோதான் எழுதலாம். மூன்று கட்டம் போட்டுக் கொடுத்தால் 999க்கு மேல் எழுத முடியாது அல்லவா? அதே கணக்குத்தான். 32 கட்டத்தில் எழுதக்கூடிய பெரிய எண் 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 295. அதற்கு ஒரு பைட் கூடினாலும் அந்தப் பென் டிரைவ் ஏற்காது. பென் டிரைவில் 50 ஜிபி காலியாக இருந்தாலும் ஏற்காது.

தரத்துக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. தரத்தைக் குறைத்தபோது பிழை போனது உண்மை. ஆனால் அம்மாவின் முகத்தையும் கொடுத்துத்தான் அது போனது. படத்தை ஒரு மணி நேரத் துண்டுகளாக மூன்றாகப் பிரித்தோம். 8 மெகாபிட்டில் ஒரு துண்டு 3.6 ஜிபி. சுவருக்குக் கீழே. மூன்றும் பென் டிரைவில் ஏறின. எக்ஸ்ஃபேட் முறைக்கு மாற்றினால் பிரிக்கவே வேண்டாம், ஆனால் பழைய டிவிகள் பல அதைப் படிப்பதில்லை. ஃபார்மேட் செய்தால் உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும் என்பதையும் மறக்காதீர்கள்.

ஆகவே பெரிய ஃபைல் மக்கர் செய்தால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, எங்கே நிற்கிறது என்பதுதான். தரத்தை மாற்றும்போது நிற்கிற நிமிஷமும் தள்ளிப் போனால், அளவுக்கு எங்கோ ஒரு தடை இருக்கிறது. பென் டிரைவ் வகையாக இருக்கலாம், டிஸ்க் நிறைந்து போயிருக்கலாம். எத்தனை தடவை ஓட்டினாலும் அதே காட்சியில், மாப்பிள்ளை அழைப்பில் அதே நாதஸ்வரக்காரர் வரும்போது நின்றால், கோளாறு மூல ஃபைலில். டேப் கசங்கிய இடமாக இருக்கும். அதற்கு முன்பு வரை ஒரு துண்டு, சில நொடி விட்டு மிச்சம் இன்னொரு துண்டு என்று செய்து ஒட்டிவிடலாம். கேசட் கையில் இருந்தால் அந்தப் பகுதியை மட்டும் மறுபடி பதியலாம். ஒவ்வொரு தடவையும் வேறு வேறு இடத்தில் நின்றால், ஃபைலை விட்டுவிட்டு லேப்டாப்பைப் பாருங்கள். சூடு, மெமரி போதாமை, மின்வெட்டு, அல்லது யாரும் தொடவில்லை என்று அதுவே தூங்கிப் போவது. மெத்தை மேல் வைத்து ராத்திரி முழுக்க என்கோட் ஓட்டுகிறவர்கள் நம் குடும்பத்திலேயே இருக்கிறார்கள். பெயர் சொல்லவில்லை.

டிஸ்க் நிறைவதைப் பற்றி ஒரு வார்த்தை. "டி டிரைவில் 200 ஜிபி இருக்கிறதே" என்பீர்கள். எடிட்டிங் மென்பொருள்கள் பல, வேலைக்கு நடுவே தற்காலிக ஃபைல்களைச் சி டிரைவில்தான் எழுதும். அங்கே இடம் இருக்கிறதா என்று பாருங்கள். செட்டிங்கில் அந்த இடத்தை மாற்றவும் முடியும்.

இன்னொன்று, பாதியில் நின்றுபோன எம்பி4 ஏன் திறக்கவே மாட்டேன் என்கிறது? எந்தக் காட்சி எங்கே இருக்கிறது என்ற பொருளடக்கத்தை எம்பி4 வழக்கமாகக் கடைசியில்தான் எழுதும். அதற்கு முன் நின்றுவிட்டால் ஒன்பது ஜிபி எழுதியிருந்தாலும் பொருளடக்கம் இல்லாத புத்தகம். "மூவ் ஆட்டம் நாட் ஃபவுண்ட்" என்று வருகிற செய்தி இதைத்தான் சொல்கிறது. நீண்ட வேலையை எம்கேவி வகையில் எழுத வையுங்கள். அது நடுவில் நின்றாலும் அதுவரை எழுதியதைப் பெரும்பாலும் பார்க்கலாம். முழுதும் முடிந்தபின் எஃப்எஃப்எம்பெக் கொண்டு மறுபடி என்கோட் செய்யாமலே எம்பி4 ஆக்கிக்கொள்ளலாம். அரிசியை ஒரு டப்பாவிலிருந்து இன்னொரு டப்பாவுக்குக் கொட்டுகிற மாதிரி, சில நிமிஷ வேலை. தரம் துளியும் குறையாது.

இனி அழிக்கும் விஷயம். "26 ஜிபியை எத்தனை பேர் டீச்சர் வைத்திருக்க முடியும்?" என்று ஒரு மாணவி கேட்டிருந்தாள். நியாயமான கேள்வி. எல்லோரும் வைத்திருக்க வேண்டாம். இரண்டு பேர், இரண்டு வேறு வீடுகளில், இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் வைத்திருந்தால் போதும். மற்றவர்களுக்குச் சின்ன ஃபைல் தாராளம். வாட்ஸ்அப்பில் அனுப்புவதையும் நான் தடுக்கவில்லை. ஆனால் சின்னதிலிருந்து பெரியதை மீட்க முடியாது. அரைத்த மாவு அரிசியாகாது. கேசட் இருக்கிறதே என்றால், அது ஓட டெக் வேண்டும். ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையோடு விசிஆர் செய்வதை நிறுத்திவிட்டது. கடைசிவரை செய்துகொண்டிருந்தது அவர்கள்தான். இன்று ஓடுகிற டெக்குகள் எல்லாம் பழையவை, பெல்ட் தேய்ந்தவை. அந்த ஆண்டு விழாவில் கும்மி ஆடியவர்களில் இரண்டு பேர் இன்று நம்மோடு இல்லை. அவர்கள் வீட்டாருக்கு வாட்ஸ்அப் அளவு படம் போதும் என்று நாம் முடிவு செய்ய முடியுமா?

எனவே என் வேண்டுகோள், ஞாயிற்றுக்கிழமை வரை யாரும் எதையும் அழிக்காதீர்கள். ஹார்ட் டிஸ்க்கில் ஒன்றை நான் வைத்துக்கொள்கிறேன், இன்னொன்றுக்கு ஆள் வேண்டும். என்கோட் செய்கிற தம்பி, முழுப் படத்தையும் ஓட்டாமல் பிழை வந்த இடத்துக்கு முன்னும் பின்னும் ஒரு நிமிஷம் மட்டும் வெட்டி முதலில் சோதித்துப் பாரப்பா. அப்புறம் எனக்கு எழுது. "டீச்சர், வரல" என்று மட்டும் அனுப்பினால் பதில் வராது. பிழைச் செய்தியை மூடுவதற்கு முன் ஒரு ஃபோட்டோ, நின்ற நிமிஷம், எழுதுகிற டிரைவ் ஃபேட்32-ஆ வேறா, அதிலும் சி டிரைவிலும் எவ்வளவு இடம் மீதி, இவ்வளவும் வேண்டும்.