ஏற்றத்திற்கு ஏற்ற மிதிவண்டி எது?

பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு

"பெண் பிள்ளைகளுக்கு மலையில் சைக்கிள் எதற்கு? பாதி வழியில் இறங்கித் தள்ளத்தானே போகிறார்கள்!" என்று கூறுவோர் நம் நீலகிரியில் இன்றும் உண்டு. தள்ளுகிறோம் என்பது உண்மைதான். ஆனால், அது காலின் குற்றமா, வண்டியின் குற்றமா?

கூடை வைத்த, கியர் இல்லாத லேடீஸ் சைக்கிளை எடுத்துக்கொள்வோம். முன் பற்சக்கரத்தில் 44 பற்களும் பின்னால் 18 பற்களும் இருந்தால், மிதியை ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் வண்டி சுமார் 5 மீட்டர் நகர்ந்தாக வேண்டும். சமவெளிக்கு இது நன்று. மலைச் சைக்கிளில் முன் 28, பின் 28 என்று போட்டால் ஒரு சுற்றுக்கு 2 மீட்டர்தான். விலையுயர்ந்த வண்டிகளில் முன் 32, பின் 50 கூட உண்டு; அதில் ஒன்றரை மீட்டர்தான். மெதுவாகப் போகும், ஆனால் போகும்! அண்ணனுக்குக் கியர் வண்டியும் தங்கைக்குக் கூடை வண்டியும் வாங்கித் தந்துவிட்டு, "பார், அவன் ஏறுகிறான்" என்பது என்ன நியாயம்?

மலைச் சைக்கிள் பிறந்த கலிபோர்னியாவின் மாரின் மாவட்டத்திலும், 1970களில் இளைஞர்கள் கியரற்ற பழைய வண்டிகளில் மலையிலிருந்து இறங்கத்தான் செய்தார்கள். மேலே போக வண்டியை லாரியில் ஏற்றினார்கள், அல்லது தள்ளினார்கள். அவர்களுள் பெரும்பாலோர் ஆண்கள் என்பதைத் தோழியர் கவனிக்க! கியர் பூட்டிய பிறகே மிதித்து ஏறினார்கள். 1996ஆம் ஆண்டு அட்லாண்டா ஒலிம்பிக்கில் இப்போட்டி முதன்முதலாக இடம்பெற்றபோதே பெண்களுக்கும் பந்தயம் இருந்தது. இத்தாலியின் பாவோலா பெட்சோ தங்கம் வென்றார்.

கியர் மட்டும் போதாது. கடையில் இரு பக்கமும் ஸ்பிரிங் வைத்து, மோட்டார் சைக்கிள் போல் மினுக்கும் வண்டிதான் கண்ணைப் பறிக்கிறது. மலிவாக வரும் அத்தகைய வண்டி ஏற்றத்திற்கு ஆகாது என்பது என் கருத்து. மிதிக்க மிதிக்க ஸ்பிரிங் அமுங்கி எழுந்து நம் பலத்தில் ஒரு பங்கைத் தின்றுவிடுகிறது. எடையும் அதிகம். குன்னூர் சுமார் 1,850 மீட்டர் உயரம், உதகை சுமார் 2,240. பன்னிரண்டு கிலோ வண்டிக்குப் பதில் பதினெட்டு கிலோ வண்டியில் ஏறினால், அந்த 6 கிலோவைத் தூக்க மட்டும் ஏறக்குறைய 23,000 ஜூல் வேலை. 45 கிலோ எடையுள்ள மாணவிக்கு இது பத்தில் ஒரு பங்கு கூடுதல் சுமை. தார்ச் சாலைக்கு முன்னால் மட்டும் ஸ்பிரிங் உள்ள வண்டியே போதும். ஏறும்போது அதைப் பூட்டிவிட வசதியிருந்தால் இன்னும் நன்று.

தேயிலைத் தோட்டத்துக் கல் பாதையில் கதை வேறு. அங்கே நல்ல பின் ஸ்பிரிங், சக்கரத்தை நிலத்தோடு ஒட்டவைத்து வழுக்காமல் காக்கும். டயரில் காற்றைச் சற்றுக் குறைத்தாலும் பிடிப்புக் கூடும். 29 அங்குலச் சக்கரம் கற்களை எளிதில் கடக்கும் என்றாலும், என்னைப் போன்ற குள்ளமானவர்களுக்கு 26 அல்லது 27.5 அங்குலமே கைக்கு அடங்கும்.

பெற்றோர்களுக்கு ஒரு விண்ணப்பம். அடுத்த முறை மகளுக்கு வண்டி வாங்கப் போகும்போது, நிறத்தையும் கூடையையும் பிறகு பாருங்கள். முதலில் பின் சக்கரத்தின் மிகப் பெரிய பல்வட்டில் எத்தனை பற்கள் என்று எண்ணுங்கள். கடைக்காரர் சிரித்தால் சிரிக்கட்டும்.