பூர்வீக வீட்டின் விலையும் பணத்தின் தேய்மானமும்

பூர்வீக வீட்டை விற்பதைப் பற்றித் தமிழில் நிறையவே எழுதப்பட்டிருக்கிறது. முற்றம், தூண், கிணற்றடி என்று கண்ணீருக்குக் குறைவில்லை. ஆனால் பத்திரப் பதிவு அலுவலகத்தின் வாசலோடு அக்கதைகள் நின்றுவிடுகின்றன. அதற்குப் பின் வரும் வரிக்கணக்கு இலக்கியத்துக்கு உரியதல்ல என்று எண்ணிவிட்டோம் போலும். அண்ணன் தம்பி உறவைத் தீர்மானிப்பதில் கண்ணீரைவிட அந்தக் கணக்குக்கே பங்கு அதிகம் என்பது எமது கருத்து.

தூத்துக்குடி மில்லர்புரத்தை எடுத்துக்கொள்வோம். இக்கடற்கரையில் முத்துக்குளிப்பு 1961-உடன் நின்றுபோயிற்று. 1974-இல் தூத்துக்குடி பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. துறைமுகம், உப்பளம், கப்பல் வேலை ஆகியவற்றின் வருவாயில் நகரெங்கும் வீடுகள் எழுந்தன. அவற்றைக் கட்டிய தலைமுறை மறைந்துவருகிறது. பிள்ளைகளில் ஒருவர் உள்ளூரில், ஒருவர் சென்னையில், ஒருவர் வளைகுடாவில், ஒருவர் சரக்குக் கப்பலில் என்றிருக்க, வீட்டை விற்பதே வழியாகிறது.

தகப்பன் வீடு மகனுக்கு வருவதற்கு இந்தியாவில் வரி கிடையாது. 1953-இல் வந்த மரணச் சொத்து வரி 1985-இல் நீக்கப்பட்டது. வரி விழுவது விற்கும்போதுதான். அப்போது வாரிசுக்கு வீடு இலவசமாகக் கிடைத்தது என்று சட்டம் சொல்வதில்லை. தந்தை கொடுத்த விலையே மகனின் அடக்கவிலை. தந்தை வைத்திருந்த காலமும் மகனின் கணக்கில் சேரும். 2001 ஏப்ரல் 1-க்கு முன் வாங்கிய வீடானால், அந்நாளைய சந்தை மதிப்பையே அடக்கவிலையாகக் கொள்ளலாம். அந்நாளைய வழிகாட்டி மதிப்பு கிடைக்குமானால் அதை மட்டும் மீறக்கூடாது.

2024 ஜூலை 23 அன்று தாக்கலான நிதிநிலை அறிக்கை இந்த இடத்தில்தான் கைவைத்தது. அதுவரை பணவீக்கக் குறியீட்டால் அடக்கவிலையை உயர்த்தி, மிஞ்சிய ஆதாயத்துக்கு 20 சதவீதம் வரி கட்டிவந்தோம். புதிய முறையில் வரி 12.5 சதவீதம், ஆனால் குறியீடு இல்லை. எதிர்ப்புக் கிளம்பவே, ஆகஸ்டில் ஒரு திருத்தம் வந்தது. அந்நாளுக்கு முன் அடைந்த நிலம், கட்டடங்களுக்கு இரண்டில் எது குறைவோ அதைக் கட்டலாம். இச்சலுகை இந்தியாவில் வசிப்போருக்கு மட்டுமே.

ஒரு கற்பனைக் கணக்கைப் பார்ப்போம். தந்தை 2010-இல் காலமானார். வீட்டின் 2001 மதிப்பு 8 லட்சம். 2025-26-இல் 60 லட்சத்துக்கு விற்கிறார்கள், வாரிசுகள் நால்வர். ஆளுக்கு 15 லட்சம் வரும். அடக்கவிலை 2 லட்சம். அவ்வாண்டின் குறியீடு 376. ஆகவே 2 லட்சம் 7.52 லட்சமாகிறது. வேறு வருமானமில்லாத உள்ளூர்ச் சகோதரிக்கு ஆதாயம் 7.48 லட்சம். அடிப்படை விலக்கான 4 லட்சம் போக, மீதிக்கு வரி 69,600 ரூபாய். கப்பலில் வேலைசெய்யும் தம்பிக்கு ஆதாயம் 13 லட்சம். அடிப்படை விலக்கும் இல்லை. வரி 1,62,500 ரூபாய். மேல்வரி தனி. ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள், ஒரே வீடு, ஒரே பங்கு!

வெளிநாட்டுச் சம்பளத்துக்கு இங்கே வரி கட்டாதவர் இதையாவது கட்டட்டுமே என்று கேட்கலாம். சம்பளத்தைப் பொறுத்தவரை அது நியாயமான கேள்விதான். ஆனால் 2001-இன் 2 லட்சமும் இன்றைய 2 லட்சமும் ஒன்றல்ல. பணம் தேய்ந்ததை ஆதாயம் என்று பெயரிட்டு வரி வாங்குவது எவரிடம் வாங்கினாலும் முறையன்று. ஆண்டில் பாதிநாளுக்கு மேல் கடலில் இருப்பதாலேயே ஒருவருடைய தகப்பன் வீடு அயல்நாட்டுச் சொத்தாகிவிடாது. மரபுரிமை வீட்டுக்கேனும் இந்தத் தெரிவை அனைவருக்கும் வழங்குவதே முறை.

சட்டம் மாறும்வரை செய்யக்கூடியவை சில உண்டு. தாய்ப் பத்திரத்தையும் கட்டடச் செலவு ரசீதுகளையும் பாதுகாப்பது முதலாவது. அங்கீகரிக்கப்பட்ட மதிப்பீட்டாளரிடம் 2001 மதிப்பை எழுதி வாங்குவது அடுத்தது. பெண்பிள்ளையிடம் விடுதலைப் பத்திரம் எழுதி வாங்கிவிட்டு விற்கும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. அவள் பங்கோடு அவளுடைய விலக்கும் போய்விடுகிறது என்பதைச் சகோதரர்கள் உணர்வதில்லை. குறிப்பிட்ட காலத்துக்குள் வேறு வீடு வாங்கினாலோ, ஆறு மாதத்துக்குள் அதற்கென உள்ள கடன்பத்திரங்களில் 50 லட்சம் வரை முதலிட்டாலோ வரிவிலக்கு உண்டு.

விலையைக் குறைத்து எழுதி, மீதியை ரொக்கமாக வாங்கிக்கொள்ளும் யோசனை எப்படியும் வந்து சேரும். வழிகாட்டி மதிப்பைவிடப் பத்து சதவீதத்துக்கு மேல் குறைத்து எழுதினால் அந்த மதிப்பையே விற்பனை விலையாகக் கொள்வார்கள். சொத்து விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவது 2015 முதல் தண்டத்துக்குரியது. தவிர, கணக்கில் வராத அந்தப் பணம் பங்கு பிரிக்கும்போது எந்தப் பத்திரத்திலும் இராது. உடன்பிறந்தார் பேச்சை நிறுத்திக்கொள்வது அநேகமாக அந்தப் பணத்தின் பொருட்டே.

வீட்டை விற்பதில் துக்கம் இருக்கலாம், இழிவொன்றும் இல்லை. கணக்கு நால்வருக்கும் தெரிந்ததாக இருக்கட்டும். அரசும் அந்நால்வரையும் ஒரே தராசில் நிறுக்கட்டும் என்பதே நாம் வேண்டுவது.