எண்ணிக்கை பலம் மட்டும் கோலாகாது

புதுதில்லி: அவையில் பெரும்பான்மை இருப்பது வேறு, வாக்கெடுப்பு மணி ஒலிக்கும் நேரத்தில் அந்தப் பெரும்பான்மையை இருக்கைகளில் அமர்த்திக் காட்டுவது வேறு. நாடாளுமன்ற விவகாரங்களைக் கவனிப்போர் அனைவரும் அறிந்த பாடம் இது. ஹாக்கி மைதானத்துக்கும் இது அப்படியே பொருந்தும். எதிரணியைவிடக் கூடுதல் வீரர்களுடன் ஆடும் வாய்ப்பு அடிக்கடி கிடைக்கிறது. அதைக் கோலாக மாற்றுவதில்தான் தேர்ந்த அணிக்கும் வளர்ந்துவரும் அணிக்கும் உள்ள வேறுபாடு வெளிப்படுகிறது. இந்திய ஜூனியர் ஹாக்கி அணி கடந்த சில ஆண்டுகளாகக் கற்றுவரும் பாடமும் இதுதான்.

ஹாக்கியில் எண்ணிக்கை மேலாண்மை இரு வழிகளில் வருகிறது. ஒன்று, அட்டைகளால் வருவது. பச்சை அட்டை பெற்றவர் 2 நிமிடங்களும், மஞ்சள் அட்டை பெற்றவர் குறைந்தது 5 நிமிடங்களும் வெளியே அமர வேண்டும். சிவப்பு அட்டை என்றால் எஞ்சிய ஆட்டம் முழுவதும் அந்த அணி 10 பேருடன் ஆட வேண்டும். மற்றொன்று பெனால்டி கார்னர். கோல்காப்பாளர் உள்பட 5 பேர் மட்டுமே கோல் கோட்டுக்குப் பின்னால் நின்று தடுக்க, மற்றவர்கள் நடுக்கோட்டுக்கு அப்பால் காத்திருப்பார்கள். தாக்கும் அணிக்கு அத்தகைய கட்டுப்பாடு இல்லை. சில விநாடிகளுக்கேனும் ஆட்டம் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடுகிறது.

இந்தச் சில விநாடிகளில் மூவரின் வேலை பிசகாமல் நடக்க வேண்டும். ஒருவர் கோட்டிலிருந்து பந்தைத் தள்ளிவிட வேண்டும். இன்னொருவர் வட்டத்துக்கு வெளியே அதை நிறுத்த வேண்டும். மூன்றாமவர் மட்டையால் இழுத்து வீச வேண்டும். முதல் இருவரில் ஒருவர் இம்மியளவு தவறினாலும் மூன்றாமவர் எத்தனை வல்லவராக இருந்தாலும் பயனில்லை. டிராக் பிளிக் வீரரின் பெயர் மட்டும் மறுநாள் தலைப்புச் செய்தியில் வருகிறது; மற்ற இருவரை யாரும் நினைப்பதில்லை.

கோலாலம்பூரில் 2023-ல் நடந்த ஜூனியர் உலகக் கோப்பை அரையிறுதியை நினைவுகூர்வது நல்லது. ஜெர்மனிக்கு எதிரான அந்த ஆட்டத்தில் இந்தியாவுக்கு 12 பெனால்டி கார்னர்கள் கிடைத்தன. ஒன்றுகூட கோலாகவில்லை. ஆட்டம் 1-4 என்று முடிந்தது. பன்னிரண்டு முறை கதவு திறந்தும் உள்ளே நுழைய முடியாத அணியைத் துரதிருஷ்டசாலி என்று சொல்லித் தப்பிக்க முடியாது. ஒரே முறையைத் திரும்பத் திரும்பக் கையாளும்போது, முன்கூட்டியே ஓடிவரும் தடுப்பாட்டக்காரருக்கு வேலை எளிதாகிறது. மாற்று உத்தி கைவசம் இல்லாமையே குறை.

இதற்கு நேர்மாறான பாடத்தை நமது மூத்த அணி 2024 ஆகஸ்ட் 4 அன்று பாரிஸில் தந்தது. ஒலிம்பிக் காலிறுதியில் பிரிட்டனுக்கு எதிராக 17-வது நிமிடத்திலேயே அமித் ரோஹிதாஸ் சிவப்பு அட்டை பெற்று வெளியேறினார். அதன்பின் 40 நிமிடங்களுக்கும் மேலாக இந்தியா 10 பேருடன் ஆடியது. அந்த நிலையிலும் முதல் கோலை அடித்தது இந்தியாதான். அடித்தவர் ஹர்மன்பிரீத் சிங். ஆட்டம் 1-1 என்று முடிந்து, ஷூட் அவுட்டில் 4-2 என்று இந்தியா வென்றது. ஓர் ஆள் அதிகம் என்ற நினைப்பில் அவசரப்பட்டு, வட்டத்துக்குள் நெரிசலை உண்டாக்கிக்கொண்ட அணிக்கு எண்ணிக்கை உதவவில்லை. ஒதுங்கி நின்று இடைவெளியை அடைத்த அணியே நிலைத்தது.

அந்த ஆட்டத்தில் கோல்காப்பாளராக நின்ற பி.ஆர். ஸ்ரீஜேஷ், பாரிஸ் வெண்கலத்துடன் ஓய்வுபெற்று ஜூனியர் அணியின் பயிற்சியாளரானார். அவரது பொறுப்பில் 2024 டிசம்பரில் மஸ்கட்டில் பாகிஸ்தானை 5-3 என்று வீழ்த்தி ஜூனியர் ஆசியக் கோப்பையை இந்தியா வென்றது. 2025 அக்டோபரில் ஜோஹர் சுல்தான் கோப்பை இறுதியில் ஆஸ்திரேலியாவிடம் 1-2 என்று தோற்றது. அடுத்து வந்ததுதான் சென்னையிலும் மதுரையிலும் நடந்த ஜூனியர் உலகக் கோப்பை.

அந்தப் போட்டியின் போக்கு சிந்திக்கத் தக்கது. பிரிவு ஆட்டங்களில் சிலி, ஓமன், ஸ்விட்சர்லாந்து ஆகிய மூன்று அணிகளுக்கு எதிராக இந்தியா 29 கோல்கள் அடித்தது. ஒரு கோலும் வாங்கவில்லை. ஆனால் காலிறுதியில் பெல்ஜியத்தை ஷூட் அவுட்டில்தான் வெல்ல முடிந்தது. அரையிறுதியில் ஜெர்மனியிடம் 1-5 என்று சரிந்தது. எளிய எதிரணிகள் மீது குவிக்கும் கோல்கள் ரசிகர்களை மகிழ்விக்கலாம். குறைகளை அவை மறைத்தும் விடுகின்றன. 2021-ல் புவனேசுவரத்தில் 2-4, 2023-ல் 1-4, 2025-ல் 1-5. தொடர்ந்து மூன்று அரையிறுதிகளில் ஜெர்மனியிடமே தோற்றிருக்கிறோம். கோல் வித்தியாசமும் ஒவ்வொரு முறையும் கூடியிருக்கிறது. இதைத் தற்செயல் என்று ஒதுக்க இயலாது.

ஆயினும் டிசம்பர் 10 அன்று சென்னையில் நடந்த வெண்கலப் பதக்க ஆட்டம் நம்பிக்கை அளித்தது. ஆர்ஜென்டீனாவிடம் 0-2 என்று பின்தங்கியிருந்த அணி, கடைசிக் கால்பகுதியில் 4 கோல்கள் அடித்து 4-2 என்று வென்றது. இம்முறை பெனால்டி கார்னரில் நேரடி வீச்சை மட்டும் நம்பவில்லை. வழியில் நின்று பந்தின் திசையைத் திருப்பும் உத்தியும் கைகொடுத்தது. இரண்டாண்டுகளுக்கு முன் காணப்படாத பக்குவம் இது. 2016-க்குப் பிறகு இந்தியா பெற்ற முதல் ஜூனியர் உலகக் கோப்பைப் பதக்கமும் இதுவே.

கேள்வி இனிமேல்தான் எழுகிறது. 2016-ல் லக்னோவில் பெல்ஜியத்தை 2-1 என்று வென்று கோப்பையைக் கைப்பற்றிய அணியிலிருந்து ஹர்மன்பிரீத், சிம்ரன்ஜீத் சிங், சுமித் உள்ளிட்டோர் மூத்த அணிக்கு உயர்ந்தனர். லக்னோ இறுதியில் கோல் அடித்த சிம்ரன்ஜீத், 2021-ல் டோக்கியோவில் ஜெர்மனிக்கு எதிரான வெண்கல ஆட்டத்தில் 2 கோல்கள் அடித்தார். ஆனால் லக்னோவில் கோப்பையை ஏந்திய கேப்டன் ஹர்ஜீத் சிங்குக்கு ஒலிம்பிக் வாய்ப்பே கிட்டவில்லை. ஜூனியர் வயது வரம்பைக் கடந்ததும் ஒரு வீரருக்குச் சில ஆண்டுகள் வெற்றிடமாகிவிடுகின்றன. மூத்த அணியில் இடமில்லை. ஜூனியர் அணியில் வயது இல்லை. வளரும் வேதனை என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி இந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

அரசின் பொறுப்பும் இங்கேதான் தொடங்குகிறது. 2025-26 பட்ஜெட்டில் விளையாட்டு அமைச்சகத்துக்கு ரூ. 3,794 கோடி ஒதுக்கப்பட்டது; அதில் கேலோ இந்தியா திட்டத்துக்கு ரூ. 1,000 கோடி. தேசிய விளையாட்டு நிர்வாக மசோதா 2025 ஆகஸ்ட் 11 அன்று, எதிர்க்கட்சிகளின் அமளிக்கிடையே மக்களவையில் நிறைவேறியது. மறுநாள் மாநிலங்களவையும் ஒப்புதல் அளித்தது. தேசிய விளையாட்டு வாரியம், தீர்ப்பாயம் ஆகியவற்றுக்கு இச்சட்டம் வழிசெய்கிறது. சம்மேளனங்களின் தேர்தல் தகராறுகள் தீர்ந்தால் நல்லதே. ஆனால் 21 வயது கடந்த வீரரின் அடுத்த மூன்றாண்டுகளுக்கு யார் பொறுப்பு என்ற கேள்விக்குச் சட்டத்தில் விடை தேடிப் பயனில்லை. அது திட்டமிடலில் இருந்து வர வேண்டும்.

செய்ய வேண்டியவை எட்டாக்கனி அல்ல. ஜூனியர் அணியிலிருந்து வெளிவருவோரைக் கொண்ட இரண்டாம் நிலை அணி ஆண்டுதோறும் ஐரோப்பாவில் வலுவான அணிகளுடன் ஆட வேண்டும். பெனால்டி கார்னரில் பந்தைத் தள்ளுபவருக்கும் நிறுத்துபவருக்கும் அகாதெமி நிலையிலேயே தனிப் பயிற்சி வேண்டும். ஏழாண்டு இடைவெளிக்குப் பின் 2024 டிசம்பரில் மீண்டும் தொடங்கிய ஹாக்கி இந்தியா லீகில் இளைஞர்களுக்கு அணியில் இடம் மட்டுமின்றி ஆடும் நேரமும் உறுதிப்பட வேண்டும். ஒரு தோல்விக்காகப் பயிற்சியாளரை மாற்றும் பழக்கம் ஒழிய வேண்டும்.

சென்னையில் வெண்கலம் வென்றவர்கள் 2028-ல் லாஸ் ஏஞ்சலீஸ் ஒலிம்பிக் நடைபெறும்போது 24 வயதையோ அதற்குக் குறைவான வயதையோ எட்டியிருப்பார்கள். அவர்களில் எத்தனை பேர் அந்த அணியில் இருப்பார்கள் என்பதே இப்பதக்கத்தின் உண்மையான மதிப்பைச் சொல்லும். பாராட்டு விழாக்களும் பரிசுத் தொகைகளும் அதைத் தீர்மானிக்கப்போவதில்லை.