வளைக்குள் ஒரு மூச்சு

கீழக்குயில்குடிச் சமணர் மலையில் செட்டிப்புடவுத் தீர்த்தங்கரரைத் தரிசித்து இறங்கி, அய்யனார் கோயிலையும் தாமரைக் குளத்தையும் கடந்து வயற்பக்கம் நடப்பவர்கள், வரப்போரத்தில் புதுமண் குவிந்து வாய் அடைபட்ட எலிவளையில் கால் புதைந்தால் எலியை வைதுகொண்டு போவார்களேயன்றி, உள்ளிருந்தே மண்ணைத் தள்ளித் தன் வாசலைத் தானே அடைத்துக்கொண்ட அந்தப் பிராணி எதைச் சுவாசித்து ஜீவிக்கிறது என்று யோசிப்பதில்லை.

நாம் சுவாசிக்கும் காற்றில் பிராணவாயு நூற்றுக்கு ஏறத்தாழ 21 பங்கு. அடைத்த வளையிலோ, அதிலும் மழைநீர் ஊறி மண்ணின் நுண்துளைகள் மூடிய பருவத்தில், அது குறைந்து கரியமில வாயு மிகுகிறது. சரீரம் சிறியதாயிற்றே, சொற்பக் காற்று போதுமே என்பதற்கும் இடமில்லை. எடைக்கு எடை பார்த்தால் யானையைவிடப் பன்மடங்கு பிராணவாயுவைச் செலவிடுவது எலிதான். ஆயினும் காற்று மெலிந்ததும் நாம் மூச்சைக் கூட்டித் தவிக்க, சிறு பாலூட்டிகள் பலவும் உடற்சூட்டைத் தணித்துச் செலவையே சுருக்கிவிடுகின்றன. மண்ணடியில் வாழும் இனங்கள் பலவற்றில் ரத்தத்தின் ஹீமோகுளோபின் பிராணவாயுவை இறுகப் பற்றும் தன்மையும் பெற்றிருக்கிறது. இதன் உச்சம் கிழக்கு ஆப்பிரிக்காவின் ரோமமற்ற மண்ணெலி: பிராணவாயு அறவே இல்லாமல் 18 நிமிஷம் தாக்குப்பிடிக்கிறதென்றும், அப்போது அதன் மூளையும் இதயமும் பழச்சர்க்கரையாகிய ஃபிரக்டோஸை எரித்துப் பிழைக்கின்றனவென்றும் 2017-இல் தாமஸ் பார்க் குழுவினர் சிகாகோவிலிருந்து வெளியிட்டார்கள்.

அந்த விஞ்ஞானிகளைப் போற்றுவோம்; ஆனால் நம் வரப்பெலியும் அதே சிரத்தைக்கு உரியது என்பதே என் அபிப்பிராயம். பக்கத்து மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் எம். கே. சந்திரசேகரனும் அவர் மாணவர்களும் அருகிலுள்ள குகை வௌவால்களை ஆராய்ந்து, இருட்குகையில் கூண்டில் அடைபட்ட வௌவாலும் சுற்றித் திரியும் தன் இனத்தாரின் போக்குவரவைக் கொண்டே பொழுதை அறிகிறது என்று 1980-களின் தொடக்கத்தில் நிரூபித்தபோது, உள்ளூர் ஜீவன் ஒன்று உலக சாஸ்திரத்தில் இடம்பெற்றது. சிற்றுயிருக்கும் ஹிம்சை எண்ணாத சமண முனிவர்கள் தவமிருந்த மலையடியில், உழவர் மட்டும் பானைப் புகையூதி எலியோடு போராடுகிறார். கெட்ட காற்றிலேயே குடித்தனம் நடத்தும் பிராணியைக் கெட்ட காற்றால் துரத்துகிறோம் என்பதை அவரிடம் யாரும் சொல்லவில்லை. வளைக்குள் மெல்லிய குழாயைச் செலுத்திக் காற்றை எடுத்து, மழைக்கு முன்னும் பின்னும் அளந்து பார்ப்பது முதுகலை மாணவர் ஒருவருக்கு ஓராண்டு வேலை. அதற்கான வளைகளோ பல்கலைக்கழகத்திலிருந்து சைக்கிளில் போகும் தூரத்தில் இருக்கின்றன.